ஆனந்தரங்கர் நாட்குறிப்பைப் படிக்கும் முறை

காட்பாடியிலிருந்து சித்தூர் வழியே திருப்பதிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் பாகாலா என்னும் சந்திப்பு உள்ளது. அதனை அடுத்த தாமலசெருவை மாங்காய்ச் சந்தையினால் நாம் அறிவோம். 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வூரை ஒட்டிய கணவாயில்தான் ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் மகாராட்டிரப் படையோடு பொருது மாண்டார். அக்காலச் செய்திகளைப் புதுச்சேரியில் அமர்ந்து தமிழிலே எழுதிவந்தவர் ஒருவர் உண்டு. அவரே ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தையாரின் பெயர் திருவேங்கடம். பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத்தில் ஈடுபட்டு, ஆளுநர் துய்ப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாசியாக உயர்ந்தார். 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு 1761 வரையில் செல்லுகிறது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அது 1846-இல் வெளிப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழிலும் இப்பொழுது முழுமையாகக் கிடைக்கிறது.

இவ்வளவு பெரிய நூலைக் கண்டு புதிய வாசகர் மலைப்பது இயல்பே. முதல் ஏட்டிலிருந்து வரிசையாகப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடக்க ஆண்டுகளின் குறிப்புக்கள் விட்டுவிட்டு வருபவை. பிற்பகுதியோ நாள்தோறும் விரிவது. ஆதலால் தமக்கு அறிமுகமான ஓர் ஊரையோ ஒரு நிகழ்ச்சியையோ தேர்ந்து, அந்த ஆண்டைத் திறப்பதே நல்வழி. நம் வட்டாரத்தார்க்கு 1740 தக்க வாயிலாகும்.

அடுத்து, தேதியைக் கவனிக்க வேண்டும். பிள்ளை ஆங்கில மாதத்தையும் தமிழ் வருடம், மாதம், கிழமை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுவார். 1740 சித்திரையில் பிறந்தது ரௌத்திரி வருடம். அதே பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். மேலும், ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியைக் கையாண்டனர். பிரெஞ்சுக்காரர் புதியதைக் கையாண்டனர். இரண்டிற்கும் அந்நாளில் 11 நாள் வேறுபாடு. இதனை அறியாதவர் சென்னை ஆவணத்தோடு ஒப்பிடுகையில் யாரோ பிழை செய்துவிட்டார் என எண்ணக்கூடும்.

மொழி நடை பேச்சைத் தழுவியது. வாக்கியம் நீண்டு ஓடும், நிறுத்தக்குறிகளை எதிர்பார்க்கலாகாது. பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு ஆகியவற்றின் சொற்கள் இடையிடையே வரும். ‘முசே’ என்பது பிரெஞ்சுத் துரையைக் குறிக்கும் மரியாதைச் சொல். சத்தமாக ஒரு முறை வாசித்தால் பாதிக் கடினம் நீங்கிவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிவது. தாமலசெருவுப் போரைப் பிள்ளை நேரிற் கண்டவரல்லர். கடிதங்களும் ஆட்களும் கொணர்ந்த செய்தியையே அவர் எழுத முடிந்தது. நவாபின் குடும்பத்தார் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்ததும், ஆளுநர் துய்மா அவர்களை ஏற்றதும் அவருடைய ஊரிலேயே நடந்தவை. இவ்விரண்டிற்கும் ஒரே எடை தருதல் தகாது.

தம்மைப் பற்றிய செய்தியிலும் எச்சரிக்கை வேண்டும். 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மனம் வெதும்பி எழுதுகிறார். பாதிரிமாரையும் துய்ப்ளேயின் மனைவியாரையும் குறை கூறுகிறார். ஆனால் அக்கோயிலை இடிப்பித்த ஆட்சியில் அவரே உயர்ந்த பதவியினர். அவருடைய துயரத்தை நாம் ஐயுற வேண்டியதில்லை; தம் பொறுப்பை எவ்வளவு சொன்னார், எவ்வளவு சொல்லாது விட்டார் என்று கேட்பது நம் கடமை. நாட்குறிப்பு ஒரு சாட்சியின் வாக்குமூலம்; அதுவே தீர்ப்பாகிவிடாது.

வேற்று மொழியாரின் பணியில் இருந்துகொண்டே தம் நாட்களைத் தமிழில் எழுதிவைத்தவர் பிள்ளை. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். நம் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழியிற் பயிலக்கூடும். அவர்களோடு மாலையில் ஒரு நாட்குறிப்பை உரக்க வாசித்து, ‘இதை இவர் கண்டாரா, கேட்டாரா?’ என்று வினவிப் பாருங்கள். தமிழும் வரலாறும் ஒருங்கே கைவரும்.