எலுமிச்சைக்கு ஸ்பானிஷில் என்ன பெயர்?

ஆங்கிலத்தில் "லைம்" என்றால் ஸ்பானிஷில் "லீமா" என்று இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியல் சொன்னது. அதை நம்பியதால் நான் மாட்டிக்கொண்டேன்.

மெக்சிகோவில் உள்ள மளிகைக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றை எங்கள் குழு தயாரித்துக்கொண்டிருந்தது. பழம், காய்கறிப் பெயர்களை ஸ்பானிஷில் மாற்றும் வேலை என்னுடையது. லெமன் என்றால் லிமோன், லைம் என்றால் லீமா என்று அப்படியே ஏற்றிவிட்டேன். சோதித்துப் பார்த்தவர்கள் பைலைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே எல்லா வீட்டிலும் பிழியும் சின்னப் பச்சைக் காயின் பெயர்தான் லிமோன். லீமா என்பது புளிப்பு இல்லாத வேறொரு பழம். இரண்டின் விலையும் இடம் மாறிக் கிடந்தது. குழுத் தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்த வாரக் கடைசியில் தளவானூரில் வீட்டில் இருந்தேன். செஞ்சியில் இருந்து அம்மா வாங்கி வந்த காய்கறிப் பையைக் கொட்டியபோதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. நாம் ஊறுகாய் போடும் எலுமிச்சையும் மெக்சிகோவின் லிமோனும் ஒரே இனம். எலுமிச்சை என்றால் லிமோன் என்று நேராகப் படித்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. நடுவில் ஆங்கிலம் புகுந்ததால் வந்த வினை. அன்றே பட்டியலைத் தமிழில் இருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.

உச்சரிப்பிலும் தமிழ் கை கொடுக்கிறது. பைனாப்பிளுக்கு "பீஞா". இதில் வரும் எழுத்து, தலையில் அலை போல் வளைவு போட்ட "என்". அதன் ஒலி நம் "ஞ". ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்குத் திணறுவார். நமக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். "தொமாத்தே"யில் வரும் தகரம் நம் "த" தான், ஆங்கில "ட" அல்ல. வெங்காயம் செபோயா, பூண்டு ஆஹோ, வெள்ளரிக்காய் பெப்பீனோ. தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உருளைக்கிழங்கு "பாப்பா". இதை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். ஸ்பெயின் நாட்டில் மட்டும் "பத்தாத்தா".

சில சொற்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. மாங்கோ என்பது தமிழ், மலையாளச் சொல் போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பா போனது. கொய்யாவுக்கு குவயாபா, பப்பாளிக்கு பப்பாயா, சப்போட்டாவுக்கு சப்போத்தே. இவை அமெரிக்கக் கண்டத்தில் இருந்து இங்கே வந்த பயிர்கள், பெயரும் கூடவே வந்தது. எங்கள் பக்கம் நிலக்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்வார்கள். மணிலா, 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸின் தலைநகரம். தென் அமெரிக்காவின் பல நாடுகளில் கடலைக்கு "மனி" என்று பெயர். மணிலாவுக்கும் இதற்கும் உறவில்லை, கரீபியன் தீவுப் பழங்குடிகளின் சொல் அது. ஆனாலும் மனதில் பதிய இந்த ஒலி ஒற்றுமை உதவுகிறது. மெக்சிகோவில் கடலை "ககவாத்தே".

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். ஆன்கி என்ற புரோகிராம், விண்டோஸிலும் லினக்ஸிலும் இலவசம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை உள்ள அட்டைகளை இது காட்டும். தெரிந்த அட்டை பல நாள் கழித்து வரும், தெரியாதது சீக்கிரம் திரும்பி வரும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972ல் அட்டைப் பெட்டிகளை வைத்துச் சொன்ன முறையும் இதே அடிப்படைதான்.

எக்செல்லில் முதல் நெட்டு வரிசையில் தமிழ்ப் பெயரையும், இரண்டாவதில் ஸ்பானிஷ் பெயரையும் அமைத்திடுங்கள். "லா பீஞா", "எல் லிமோன்" என்று முன்னால் வரும் லா, எல் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இவை சொல் பெண்பாலா ஆண்பாலா என்று காட்டுபவை. பின்னால் தனியாகப் படிப்பது தலைவலி. சேவ் செய்கையில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பிறகு ஆன்கியில் பைல் மெனு சென்று இம்போர்ட் என்பதில் கிளிக் செய்தால் அட்டைகள் தயார்.

அலை போட்ட "என்" எழுத்தை அமைக்க, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் விசைகளில் 0241 என்று தட்டுங்கள். லேப்டாப்பில் எண் விசைகள் இல்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று ஸ்பானிஷைச் சேர்த்திடுங்கள். பின்னர் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மாறிக்கொள்ளலாம். ஸ்பானிஷ் கீபோர்டில் அந்த எழுத்து, "எல்" விசைக்கு அடுத்த அரைப்புள்ளி விசையில் இருக்கும்.

ஒரு நாளைக்குப் புதிய அட்டை பத்து போதும். ஆன்கி தானாக இருபது கொடுக்கும். ஆர்வத்தில் விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் பழைய அட்டைகள் மலையாகக் குவியும். எனக்குக் குவிந்தது.

திருத்திய பட்டியலை அனுப்பினேன். லிமோன் சரியாகப் போய்ச் சேர்ந்தது. தக்காளி மட்டும் திரும்பி வந்தது. மெக்சிகோ நகரப் பக்கம் சிவப்புத் தக்காளி "ஹிதோமாத்தே". அவர்கள் "தொமாத்தே" என்றால் அது தோல் மூடிய, சட்னிக்கு அரைக்கும் பச்சைக் காய். அந்த அட்டையில் இப்போது இரண்டு படங்கள் ஒட்டி வைத்திருக்கிறேன்.