முத்திரை குத்திச் செய்யும் நனோப் பீங்கான்

வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருப்பது டைட்டானியம் டயொக்சைட்டு. அதன் மூலப்பொருளான இல்மனைட் நமது கிழக்குக் கரையிலேயே, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டை மணலில் கிடைக்கிறது. பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிவிடுகிறது. டைட்டானியம் டயொக்சைட்டு என்ற இந்தப் பீங்கான் பொருளில் சில நூறு நனோமீற்றர் அகலத்தில் வரிகளை எழுப்பினால், அது ஒளியைத் திசைதிருப்பும். சூரியக் கலத்துக்குள் வெளிச்சத்தைத் தேக்கிவைக்கும். மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்.

அந்த வரிகளை எழுப்புவதுதான் கடினம். பீங்கானைச் செதுக்கப் போனால் உடையும். இலத்திரன் கற்றையால் கீறி, வெற்றிட அறையில் அரித்தெடுக்கலாம். அந்த இயந்திரங்களோ கோடிக்கணக்கில் விலை. மலிவான வழி முத்திரை குத்துவதுதான். 1993இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் சிலிக்கோன் றப்பர் முத்திரையால் நுண்வடிவங்களை அச்சிட்டனர். 1995இல் ஸ்டீபன் சௌ குழுவினர் பிளாஸ்டிக்கை அச்சால் அழுத்தி 25 நனோமீற்றர் குழிகளைப் பதித்துக் காட்டினர். மூல அச்சைச் செய்யத்தான் செலவு. அதிலிருந்து றப்பர் முத்திரைகளை மலிவாக எத்தனையும் வார்க்கலாம்.

கடைக்காரர் பில்லில் குத்தும் முத்திரையின் வேலைதான் இங்கும். ஆனால் இங்கே மையே பீங்கானாக மாறுகிறது. டைட்டானியம் சேர்மம் ஒன்றை அற்ககோலில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, முத்திரையை அதன்மேல் வைத்து அழுத்துகிறார்கள். அற்ககோல் ஆவி றப்பருக்குள் ஊடுருவி வெளியேற, திரவம் ஜெல்லாக இறுகுகிறது. முத்திரையை உரித்தபின் ஏறக்குறைய 450 பாகை செல்சியசில் சுட்டால் பளிங்குருவான பீங்கான் வரிகள் கிடைக்கும்.

இதிலும் தொல்லைகள் உண்டு. சுடும்போது வரிகள் சுருங்கும்; உயரம் பாதியாகக்கூடக் குறையலாம். அதைக் கணக்கிட்டே அச்சை ஆழமாக அமைக்க வேண்டும். படலம் தடித்தால் வெடிக்கும். கரைசல் ஈரத்துடன் சட்டென்று தாக்கமுறுவதால், நமது கடற்கரைக் காற்றில் அச்சிடும் முன்பே வெண்தூளாகத் திரிந்துவிடக்கூடும். சிறிதளவு அசற்றிக்கமிலம் சேர்த்தால் தாக்கத்தின் வேகம் தணியும். வினாகிரியில் உள்ள அதே அமிலம்தான்.

டைட்டானியம் டயொக்சைட்டு ஆய்வு இலங்கைக்குப் புதிதுமல்ல. கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர் இப்பொருளைக் கொண்டு சாயமூட்டிய சூரியக் கலங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் கல்முனைக்குப் பக்கத்தில், சம்மாந்துறையில் இருக்கிறது. இந்த அச்சுமுறை அங்குள்ள இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். மூல அச்சுக்கு ஒரு வெற்று டிவிடியே போதும். அதன் இரு படைகளையும் பிரித்துக் கழுவினால், 740 நனோமீற்றர் இடைவெளியில் வரித்தடங்கள் ஆயத்தமாக இருக்கும். தடம் பதிந்ததா என்று அறிய முதல் நாளே இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டாம். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் நிறங்கள் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் கரைசலை மாற்றி மறுபடி அழுத்துங்கள்.