பழைய சைக்கிளுக்குப் புது டயர்

பிச்சாட்டூரிலிருந்து நாகலாபுரத்துக்கு ஒருவர் சைக்கிளில் பால் கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன். நடு வழியில் பின் டயர் ரிம்மை விட்டு நழுவுகிறது. டியூப் வெடிக்கிறது. பால் மண்ணில் கொட்டுகிறது. ஆளும் விழுகிறார். டயர் புதிதுதான். ஆனால் அளவு தவறு.

நம் ஊர்க் கருப்பு சைக்கிளின் பூர்வீகம் இங்கிலாந்து. ராலே, ஹம்பர், பிலிப்ஸ் என்று பெரியவர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் அந்த நாட்டுப் பெயர்கள். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டோடு தொடங்கியது. அதன் ஆலை சென்னை அருகே அம்பத்தூரில் அமைந்தது. அதனால் அளவுகளும் அங்கிருந்தே வந்தன.

பெரிய கருப்பு சைக்கிளுக்குப் பெரும்பாலும் 28 × 1½ டயர். மூன்று கியர் வைத்த ஆங்கிலேய சைக்கிள்கள் பலவற்றுக்கு 26 × 1⅜. முதல் எண் டயரின் உயரம். அடுத்த எண் பருமன். இரண்டும் அங்குலத்தில். பழைய டயரை வீசிவிடாதீர்கள். அதன் பக்கத்தில் இந்த எண்கள் இருக்கும். சேற்றைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. "இருபத்தாறு டயர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது. 26 × 1⅜ வேறு. 26 × 1.75 வேறு. இரண்டிலும் 26 இருக்கிறது. ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. பல டயர்களில் இன்னொரு எண்ணும் இருக்கும். 37-590 என்றால் பருமன் 37 மில்லி மீட்டர். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 590 மில்லி மீட்டர். 26 × 1.75 டயரில் இந்த எண் 559. அதாவது 31 மில்லி மீட்டர் குறைவு. 28 × 1½ டயரில் 635. ஏமாற்றாத எண் இதுதான்.

டயரின் ஓரத்தில் உள்ளே கம்பி இருக்கிறது. அது ரப்பர் போல நீளாது. டயர் சிறியது என்றால் ரிம்மில் ஏறாது. லீவரால் நெம்பி ஏற்றப் பார்த்தால் டியூப் கிழியும். டயர் பெரியது என்றால் சுலபமாக ஏறும். ஆபத்து அதில்தான் அதிகம்.

கடையில் டயரை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். வெகு நாள் வெயிலில் தொங்கிய டயர் புதிதாகத் தெரிந்தாலும் பழசுதான். ஒரே ஒரு நல்ல டயர் வாங்கப் பணம் இருந்தால் அதை முன் சக்கரத்துக்குப் போடுவது நல்லது. பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஆனால் முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கைக்கு அடங்காது.

மாட்டும் முன் ரிம்முக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள். போக்ஸ் முனை குத்தினால் பட்டைத் துணி சுற்ற வேண்டும். மூன்று கியர் சைக்கிளில் பின் சக்கரத்தைக் கழற்றும் முன் கியரின் சிறு சங்கிலியை முதலில் விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வளைந்துவிடும்.

பாதிக் காற்று அடித்ததும் சக்கரத்தைச் சுற்றுங்கள். டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். சுற்றிலும் அது ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் மேலேறித் தெரிந்தால் காற்றை இறக்கி, கையால் அழுத்திச் சரிசெய்து, பிறகு முழுக் காற்று அடியுங்கள்.