சத்திரசிகிச்சை இலவசம், மிச்சம்?

காலை ஒன்பது மணிக்கு அண்ணையின் ஃபோன் கத்தியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்து, ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று பிரித்த பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து குளிசைகளை விழுங்கினார். தங்கச்சி கொடுத்த சிறுநீரகம் பொருத்தி ஐந்து மாதம். ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் அவர் வீட்டுக் குசினி மேசையில், குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில் பில்கள்.

"ஹெல்த் காட் இருந்தால் எல்லாம் ஃப்ரீ எண்டு நினைச்சன் தம்பி."

பாதி சரி. சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரிக் கட்டில், டொக்டர், தங்கச்சிக்கு நடந்த சிகிச்சை எல்லாவற்றையும் மாகாண மருத்துவக் காப்புறுதியான ஒஹிப் பார்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் செலவு எங்களுடையது. அதற்கும் உதவி இருக்கிறது. ஆனால் தானாக வராது, கேட்க வேண்டும்.

முதலில் மருந்து. புது உறுப்பை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்கும் குளிசையை அந்த உறுப்பு உள்ளவரை நிறுத்த முடியாது. 65 வயது தாண்டியவர்களுக்கு மாகாண மருந்துத் திட்டம் உண்டு. அண்ணைக்கு 58, வேலையிடத்து மருந்துக் காப்புறுதியும் இல்லை. இவருக்குத்தான் ட்ரில்லியம் மருந்துத் திட்டம். வீட்டின் நிகர வருமானத்தில் சுமார் 4 சதவீதம் எங்கள் பங்கு. 50,000 டாலர் என்றால் ஏறக்குறைய 2,000. ஆகஸ்ட் 1 இல் தொடங்கும் ஆண்டை நாலாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு 500. அது முடிந்தால், அந்தக் காலாண்டில் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 2 டாலர் வரைதான்.

"போன வருசம் ஓவர்டைம் செய்தனான். அந்தக் கணக்கையோ பார்ப்பாங்கள்?"

வழமையாக அப்படித்தான். ஆனால் வருமானம் நன்றாக விழுந்திருந்தால், இந்த வருடக் கணக்கைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம்.

அடுத்தது சம்பளம். மத்திய அரசின் வேலைக் காப்புறுதி (EI) தரும் நோய்க்காலக் கொடுப்பனவு முன்பு 15 வாரம். 2022 டிசம்பர் 18 முதல் 26 வாரம். ஓர் உச்சவரம்புக்குள் சம்பளத்தில் 55 சதவீதம் கிடைக்கும். உயிராபத்தான நிலையில் உள்ளவரைப் பார்க்க வேலையை விட்டு நிற்பவருக்கும் 15 வாரம் வரை தனியாக உண்டு. தங்கச்சிக்கு ஒன்ராறியோ சட்டம் 13 வார உறுப்புதான விடுப்புத் தருகிறது. தேவையென்றால் இன்னும் 13. சம்பளம் வராது, வேலை போகாது. உயிரோடு தானம் செய்பவரின் பயணச் செலவையும் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியையும் திருப்பித் தர மாகாணத்தில் தனித் திட்டமே இருக்கிறது.

கடைசியாக, சில்லறையாகப் போய்ப் பெருந்தொகையாகும் பார்க்கிங். நாளுக்கு 10 டாலருக்கு மேல் வாங்கும் ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகள் 5, 10, 30 நாள் பாஸ்களை அரை விலைக்குக் கொடுக்க வேண்டும். பாஸ் ஒரு வருடம் செல்லும். கூட வருபவரும் பாவிக்கலாம். அண்ணை ஐந்து மாதமாக முழுக்காசு கட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? உறுப்புமாற்றுச் சிகிச்சைக் குழுவில் டொக்டர், தாதியோடு சமூகப் பணியாளரும் இருப்பார். ஒப்பரேஷனுக்கு முன்பே அவரோடு இருந்து கதைப்பது நல்லது. பிந்தினாலும் பரவாயில்லை, கதைக்க வேண்டும்.

"உதவிக்குப் படிவம் நிரப்பினால் சனம் என்ன சொல்லும்?" என்றார் அண்ணை.

அண்ணையின் மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "முப்பது வருசம் வரி கட்டினது சனமோ, நீங்களோ?"

அண்ணை எழும்பி, போன வருட வரிக் கடிதத்தைத் தேடப் போனார்.