எடை எந்திரத்தோடு ஓர் இஞ்ச் டேப்பும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு இது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி என்று பல தொல்லைகளுக்கு இந்த எடை வழிவிடுகிறது. திருச்சியும் ஸ்ரீரங்கமும் இதற்கு விலக்கல்ல.

கணக்கு எளிதுதான்

டாக்டர்கள் பி.எம்.ஐ. என்று சொல்லும் உடல் நிறை குறியெண்ணை வீட்டிலேயே கணக்கிடலாம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உள்ளவருக்கு 23.9 வரும்.

நமக்கு எல்லை 23

உலக அளவில் 25ஐத் தொட்டால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரைதான் சரியான எடை. 23ஐத் தொட்டாலே அதிக எடை. 25 என்றால் உடல் பருமன். மேலே சொன்ன ஆய்வு 25ஐ எல்லையாக வைத்தது. 23ஐ வைத்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். 155 செ.மீ. உயரமுள்ள பெண் 45 முதல் 55 கிலோவுக்குள் இருப்பது நல்லது.

ஒல்லியாகத் தெரிபவர்களும் தப்புவதில்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவருக்கும் குறியெண் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004இல் 'லான்செட்' இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து இதை அவர்கள் எழுதினார்கள்.

அதனால் தொப்பையையும் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

தட்டில் என்ன இருக்கிறது?

ஏகாதசியன்று சோறு கிடையாது. ஆனால் இட்லி, உப்புமா, அடை என்று பலகாரம் இரண்டு வேளையும் இறங்கினால், விரதத்தால் எடை குறையாது. புளியோதரையும் அக்காரவடிசலும் பிரசாதமாகக் கையளவு இருக்கும்வரை கவலையில்லை.

டிகிரி காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் சுமார் 10 கிராம். மூன்று டம்ளர் குடித்தால் 30 கிராம். நாளெல்லாம் சேர்த்தே 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

காவிரிக் கரை வாழைத் தோட்டங்கள் தரும் தண்டும் பூவும் நார்ச்சத்து மிக்கவை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, தண்டுப் பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள்.

நடக்க வீதிக்கா பஞ்சம்?

வாரத்துக்கு 150 நிமிட நடை போதும். நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள். உத்திர வீதி, சித்திரை வீதி என்று ஸ்ரீரங்கத்தில் சுற்றி நடக்க இடமுண்டு. பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மலைக்கோட்டைப் படியில் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள் தனிப் பயிற்சியும் வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம்?

80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பலன் தெரியும். வாரத்துக்கு அரை கிலோ போதும்; பட்டினி வேண்டாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், கால் வீக்கம் உள்ளவர்கள், தசை வற்றிய முதியோர் ஆகியோருக்கு இந்தக் குறியெண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. முயற்சி இல்லாமல் எடை இறங்கினால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

இந்த வாரமே எடை, உயரம், இடுப்பளவு மூன்றையும் குறித்து வையுங்கள். குறியெண் 23ஐத் தொட்டாலோ இடுப்பளவு எல்லை மீறினாலோ, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.