தெர்மாகோலை நம்பி மாமல்லபுரம் வரை

ஞாயிற்றுக்கிழமை ரைடு ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதே இல்லை. சனிக்கிழமை இரவு எட்டு மணி வாக்கில் வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு யாரெல்லாம்?" என்று ஒரு செய்தி விழுமே, அங்கே தொடங்குகிறது. உடனே கட்டைவிரல்கள் வரிசையாக முளைக்கின்றன. "எந்தப் பக்கம்?" என்று கேட்பவர் புதியவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தென்சென்னையில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறு காலை என்றால் ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். "மழை வருமா ப்ரோ?" "வந்தா நனைவோம் ப்ரோ." "ஸ்பேர் ட்யூப் யார்கிட்ட இருக்கு?" கேட்டதும் குழுவில் பேரமைதி. பத்து மணிக்கு மேல் யாரும் செய்தி போடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பத்தரைக்கு ஒருவர் புது ஜெர்சி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் எடுத்த படத்தைப் போடுவார். விதி அத்தோடு காலி!

விடியற்காலை ஐந்துக்குள் திருவான்மியூர் பக்கம் போய் நின்று பாருங்கள். டீக்கடையில் பால் இன்னும் பொங்கியிருக்காது. இருட்டுக்குள் சிவப்புப் பின்விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து சேரும். தெருநாய்கள் முதல் வாரம் குரைக்கும், நாலாவது வாரம் வாலாட்டும். இந்தப் பக்கம் ஒரே விரலால் தூக்கிவிடக்கூடிய கார்பன் சைக்கிள். அதன் விலையைக் கேட்டால் வீட்டில் சொல்லியிருக்கும் விலையைத்தான் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தப் பக்கம் கேரியரும் மட்கார்டும் வைத்த பழைய ஹெர்குலஸ். 1949இல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் வழியாக நம் அப்பாக்களின் முழங்காலைச் சிராய்த்த அதே பெயர். ஐ.டி. கம்பெனி மேலாளர், பல் டாக்டர், பாலிடெக்னிக் மாணவன், ஓய்வுபெற்ற வங்கி சார், அவரை விட வேகமாக மிதிக்கும் அவர் மனைவி என்று எல்லோரும் இறுக்கமான கால்சட்டையில் நிற்பார்கள். அந்த உடையில் யாருக்கும் பதவி தெரியாது, தொப்பை மட்டும்தான் தெரியும்.

இப்போது திரைக்குப் பின்னால் வாருங்கள். ரைடு கிளம்புவதற்கு முந்தைய பதினைந்து நிமிடம்தான் உண்மையான கூத்து.

முதலில் காற்று, பிரேக், செயின். டயரை அழுத்திப் பார்ப்பார்கள். மெல்லிய ரோடு பைக் டயருக்கு 90, 100 பி.எஸ்.ஐ. கூடப் போகும், அந்த நேரத்தில் கைப்பம்பை அடித்து முடித்தாலே பாதி உடற்பயிற்சி ஆகிவிடுகிறது. பிறகு இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி செயின் சத்தம் கேட்பது. 'கர்ர்' என்றால் எண்ணெய்க் குப்பியுடன் ஒரு அண்ணன் ஓடி வருவார். எல்லாக் குழுவிலும் அப்படி ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் சைக்கிள் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

அப்புறம்தான் ஹெல்மெட்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் பைக்கில் போகிறவருக்குத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்தப் போலீஸ்காரரும் உங்களை ஓரம் கட்டப்போவதில்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஒருவன் வந்து நின்றால் நடக்கும் நாடகத்தைப் பார்க்க வேண்டும்! "பக்கத்துலதானே அண்ணா, முட்டுக்காடு வரைக்கும்தானே," என்பான் பையன். அண்ணன் ஒன்றும் பேசமாட்டார். தன் கார் டிக்கியைத் திறப்பார். உள்ளே இரவல் ஹெல்மெட்டுகள். அதில் ஒன்று ரோஸ் நிறத்தில், பக்கவாட்டில் பெரிய பூ போட்டது. எதை எடுத்து நீட்டுவார் என்று கேட்கவே வேண்டாம். அந்த ரோஸ் ஹெல்மெட்டோடு ஒரு குழுப் படம். அடுத்த ஞாயிறு பையன் சொந்த ஹெல்மெட்டோடு வந்து நிற்பான். அபராதச் சீட்டு சாதிக்காததை அந்தப் பூ சாதித்துவிடும்.

மாட்டினால் போதாது, சரியாக மாட்ட வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான். நெற்றியை முழுக்கக் காட்டிக்கொண்டு பின்மண்டையில் தொங்கினால் அது தொப்பி. இரண்டு வாரும் காதுக்குக் கீழே 'வி' மாதிரி சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒன்றிரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு. கடைசிப் பரிசோதனை: வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விடவும், ஹெல்மெட் உச்சந்தலையைக் கொஞ்சம் கீழே அழுத்த வேண்டும். ஐந்து மணிக்கு இந்தப் பரிசோதனையை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உச்சிக் கொண்டை போட்டு வந்த அக்காக்கள் அதை அவிழ்த்துத் தாழப் பின்னிக்கொள்வார்கள். கொண்டை மேல் உட்கார்ந்த ஹெல்மெட் எந்தப் பக்கமும் நிற்காது.

அந்த ஹெல்மெட்டுக்குள் என்னதான் இருக்கிறது? உரித்துப் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். டி.வி. பெட்டிக்குள் வருமே, கொலுவுக்கு மலை செய்வோமே, அதே தெர்மாகோல்தான்! கொஞ்சம் அடர்த்தி கூடியது, அவ்வளவே. சர்க்கரை மணி போன்ற பாலிஸ்டைரீன் குருணைகளை நீராவியில் ஊதவைத்து, அச்சில் அடைத்து, மறுபடி நீராவி காட்டி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறார்கள். பளபளவென்று வெளியே தெரிவது மெல்லிய பாலிகார்பனேட் ஓடு. மொத்த எடை சுமார் 300 கிராம். பெரும்பகுதி காற்று. காற்றுக்கா இவ்வளவு காசு என்று கேட்கத் தோன்றும்.

ஆம், காற்றுக்குத்தான். சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் அதன் அருமை புரியும். ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தரத்துக்காக ஹெல்மெட்டை 50 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள், மைனஸ் 20 டிகிரி குளிரில் உறையவைக்கிறார்கள், புற ஊதாக் கதிரில் வாட்டுகிறார்கள். பிறகு உலோகத்தில் செய்த ஒரு மண்டைக்கு மாட்டி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து எஃகுப் பலகை மேல் போடுகிறார்கள். 'டொம்!' நடைபாதை விளிம்பு மாதிரி கூரான இரும்பின் மேலும் ஒரு 'டொம்!' பலகையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 20 கி.மீ. நம் ஞாயிற்றுக்கிழமை வேகம்! மண்டைக்குள் இருக்கும் கருவி 250 ஜி-க்கு மேல், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்குக்கு மேல் காட்டினால் அந்த ஹெல்மெட் பெயில்.

கணக்கு எளிது. அந்த வேகத்தில் வரும் தலை, வெறும் தரையில் மோதி ஐந்து மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரியாகவே 300 ஜி. நடுவில் தெர்மாகோல் நசுங்கி இரண்டு சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால் சுமார் 75 ஜி. அந்த இரண்டு சென்டிமீட்டரைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே ஓடு பளபளப்பாக இருந்தாலும், குப்பைக்கு. நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது. 'ராசியான ஹெல்மெட், அன்னைக்குக் காப்பாத்துச்சு' என்று தொடர்ந்து மாட்டிக்கொண்டு வருபவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய உறை உள்ளே தெரிகிறதா? அது சுவீடன்காரர்களின் கைவண்ணம்: சாய்வாக மோதும்போது உறை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வழுக்கிக்கொடுத்து, மூளை திருகப்படுவதைக் குறைக்கிறது. 'மிப்ஸ்' என்பார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. தரச் சான்று மட்டும் கட்டாயம்.

"வேர்க்கும் ப்ரோ" என்ற சாக்கு சென்னைக்கே சொந்தம் என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை! உலகத்தின் பெரிய சைக்கிள் வீரர்களே இதைச் சொல்லி வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். 1991இல் பாரிஸ்-நீஸ் போட்டியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தது சர்வதேச சைக்கிள் சங்கம். வீரர்கள் மறுத்துப் போராட, சங்கம் பின்வாங்கியது. 2003இல் அதே பாரிஸ்-நீஸ் போட்டியில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார், மறுநாள் இறந்தார். அந்த ஆண்டே விதி வந்தது. முதலில் கடைசி மலையேற்றத்தில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள், பின்னர் அதுவும் போயிற்று. இன்று டூர் டி பிரான்ஸில் ஹெல்மெட் இல்லாத தலையைத் தேடினாலும் கிடைக்காது. வேர்வைக்கு ஒரு பருத்தித் துணி போதும்.

சரி, கிளம்பியாச்சு! முன்னால் 'லீட்', கடைசியில் 'ஸ்வீப்'. நடுவில் யாராவது மூச்சு வாங்கி நின்றால் ஸ்வீப்பும் நிற்பார். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. அவர் பையில் ட்யூப், பஞ்சர் சாமான், எலக்ட்ரால், கடலைமிட்டாய் எல்லாம் இருக்கும். குழுவின் தாய்மாமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் கையைக் கீழே நீட்டினால் பள்ளம். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் மணல் அல்லது கண்ணாடிச் சில். "கார் பேக்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தால், அது வாய் வாயாகத் தாவி முன்வரிசைக்குப் போய்ச் சேரும். இந்தக் கத்தலில் ஒரு போதை இருக்கிறது. முதல்முறை வருபவர்கள் பள்ளமே இல்லாத இடத்திலும் கை காட்டுவார்கள்.

ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் முன்னவர் காற்றைக் கிழித்துக்கொடுப்பார். பின்னவருக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம். ஆனால் ஒட்டுவதில்தான் வம்பும் இருக்கிறது. முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தை உரசினால் விழுவது பின்னால் வருபவர், அவர் மேல் அதற்குப் பின்னால் வருபவர். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இப்படி விழ நேரலாம். தனியாக ஓட்டும்போது எனக்கு எதற்கு ஹெல்மெட் என்று வாதாடியவர்கள்கூட கூட்டத்தில் ஓட்டியதும் வாயை மூடிக்கொள்வது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. ஷூவைப் பெடலோடு பூட்டும் 'க்ளீட்' வாங்கிய முதல் வாரம், சிக்னலில் காலை எடுக்க மறந்து, பூஜ்ய வேகத்தில், மரம் சாய்வதுபோல எல்லோரும் சாய்ந்திருக்கிறார்கள். விதிவிலக்கு கிடையாது. குழு கைதட்டும்!

முட்டுக்காடு பாலத்தில் கழிமுகத்துக்கு மேல் சூரியன் வரும் நேரம் யாரும் வேகம் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் ஓரம் கட்டி செல்ஃபி. வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டும்போது மட்டும் வேகம் தானாகக் கூடும். மாமல்லபுரம் வரை போய்வந்தால் 80 கி.மீ.க்கு மேல். கார்த்திகை, மார்கழியில் போகும்போது வாடைக் காற்று முதுகைத் தள்ளும். நாம் பெரிய வீரர் என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போது அதே காற்று கணக்குத் தீர்க்கும். அப்போதுதான் பொங்கல் வடையும் ஃபில்டர் காபியும் ஏன் கண்டுபிடிக்கப்பட்டன என்று விளங்கும். செலவான கலோரியும் தின்ற கலோரியும் சமமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டு வாசலில் தூரம் கணக்கிடும் ஸ்ட்ராவா செயலி 79.4 காட்டினால் 80 ஆகும்வரை அடுக்ககத்தைச் சுற்றிச் சுற்றி வருபவர்களும் உண்டு, வாட்ச்மேன் சாட்சி.

ஹெல்மெட் ஒரு மந்திரம் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். சோதனைக்கூடத்தில் அது பார்த்தது 20 கி.மீ. வேக விழுதலை, 100 கி.மீ. வேகத்தில் வரும் காரை அல்ல. நெதர்லாந்தில் பெரும்பாலானவர்கள் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. ஈசிஆரில் அது வரும்வரை விளக்கு, பளிச்சென்ற உடை, கூட்டம், ஹெல்மெட் நான்கும் வேண்டும். கூட்டம் ஏன் என்றால், தனி சைக்கிளைக் கவனிக்காத டிரைவரும் இருபது சிமிட்டும் விளக்குகளைக் கவனிப்பார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில மாதங்கள் வந்தபின் யாராவது ஒருவர் காபி டம்ளரை வைத்துவிட்டு, "இருநூறு போலாமா?" என்று கேட்பார். அவர் சொல்வது பிரெவே பயணத்தை. 200 கி.மீ.யை 13½ மணி நேரத்துக்குள், கையில் ஓர் அட்டையோடு, வழியில் முத்திரை வாங்கிக்கொண்டே முடிக்க வேண்டும். அப்புறம் 20 மணி நேரத்தில் 300, 27 மணி நேரத்தில் 400, 40 மணி நேரத்தில் 600. ஒரே பருவத்தில் நான்கும் முடித்தால் 'சூப்பர் ரான்டனர்' பட்டம். அதற்கும் மேலே, 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்: 1,200 கி.மீ., 90 மணி நேரம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. இந்தியாவில் நடக்கும் பிரெவே பயணங்களில் ஹெல்மெட் இல்லாதவருக்கு இடமில்லை. நீங்கள் 'மாட்டேன்' என்றுதான் சொல்வீர்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

அதெல்லாம் பிறகு. இந்த வாரம் உங்கள் ஊரில் சைக்கிள் குழு எது என்று பக்கத்து சைக்கிள் கடையில் கேளுங்கள். கோவையோ மதுரையோ திருச்சியோ, கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. ஹெல்மெட் வாங்கும்போது உள்ளே ஈஎன் 1078 அல்லது அமெரிக்க சிபிஎஸ்சி என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், கடையிலேயே மாட்டிக் கொட்டாவி விட்டும் பாருங்கள். பைக் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், அக்கரை தாண்டுவதற்குள் வெந்துவிடுவீர்கள். சைக்கிள் பழசாக இருந்தால் என்ன, பிரேக் பிடித்தால் போதும். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். ஹெல்மெட்டை மறக்காதீர்கள், டிக்கியில் அந்த ரோஸ் ஹெல்மெட் இன்னும் இருக்கிறது.