பழவேற்காட்டுப் பெட்டியும் பட்டியல் புத்தகமும்

பொன்னேரியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, உப்பங்கழி ஏரியின் கரையில் வந்து முடியுமிடத்தில் பழவேற்காடு இருக்கின்றது. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அவர்கள் இவ்வூரை நாடி வந்த காரணம் துணியே. சோழமண்டலக் கரையின் கட்டம் போட்ட துணிகளும் சாயத் துணிகளும் இத்துறையினின்று கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. அங்கே அவற்றைக் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினர். ஐரோப்பியர் நாவில் ஊர்ப்பெயர் திரிந்து 'புலிகாட்' ஆயிற்று. கைலி விற்கும் கடைகளில் நாம் கேட்கும் 'பாளையக்காட்' என்பதும் அப்பெயரின் வழிவந்ததேயாகும்.

அப்பெயர் இன்று எந்த ஊரில் நெய்த கைலியின் மீதும் அச்சிடப்படலாம். கேட்பாரில்லை. நெய்தவர்கள் பெயரைக் காத்துக்கொள்ளச் சட்டமும் அக்காலத்தில் இல்லை. சட்டம் வந்தபோது கேட்பதற்கு அவ்வூரில் நெசவுக் கூட்டமும் இல்லை.

இப்பழங்கதையை நாம் இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதே ஊரில் இஸ்லாமியப் பெண்மணிகள் பலர் பனங்குருத்தோலையை வார்ந்து, சாயமேற்றி, பெட்டிகளும் கூடைகளும் பின்னி வருகின்றனர். மூடியின் விளிம்பில் ஓடும் வண்ணக் கட்டங்களைக் கண்ட நெசவாளர் எவரும் ஊடும் பாவும் அறிந்த கை இது என்று உடனே ஒப்புக்கொள்வர். அண்மையில் நாம் அங்கே சென்றிருந்தபோது மூதாட்டி ஒருவரிடம், "அம்மா, இப்பெட்டி பட்டணத்தில் என்ன விலைக்குப் போகிறது?" என்று கேட்டோம். "அது எங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி? பின்னிக் கொடுப்போம், எண்ணிக் காசு வாங்குவோம்" என்றார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் வாங்கி விற்பவரின் பெயர் இருந்தது.

ஆகவே, கைத்தொழில் செய்வோர் தம் பெயரில், தம் பட்டியலில், முறைப்படி வாணிகம் நடத்துவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவாளர்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் விலை. சட்டத்தைக் காட்டிலும் இதிலேதான் நம்மவர் அதிகம் இழக்கின்றனர். கணக்கிற்காக ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஓலைக்கு 25 ரூபாய். சாயத்துக்கும் விறகுக்கும் 10 ரூபாய். பின்ன நான்கு மணி நேரம். கட்டி அனுப்ப 15 ரூபாய். பழுதுபட்டுக் கழிவதற்கு 10 ரூபாய் என்க. வாங்குபவர் வீட்டு வாயிலில் 120 ரூபாய் கொடுக்கிறார். அவரே கட்டி எடுத்துச் செல்வதால் ஓலையும் சாயமும் போக எஞ்சுவது 85 ரூபாய்; மணிக்கு 21 ரூபாய்க்குச் சற்றே அதிகம். உழைப்பை மணிக்கு 60 ரூபாயென மதித்தால் அடக்கவிலையே 300 ஆகின்றது. அதன்மேல் 15 விழுக்காடு தொழிலின் சேமிப்புக்கென வைத்தால் 345. இதுவே கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை. கடைக்காரர் தம் ஆதாயம் சேர்த்து 550-க்கு விற்கக்கூடும். அங்ஙனமாயின் நாமே கண்காட்சியில் விற்கும்போதும் 550-க்கே விற்றல் வேண்டும். கண்காட்சியில் 345-க்குக் கொடுத்தால் மறுமாதம் அக்கடைக்காரர் நம்மிடம் வாங்கமாட்டார். 'உழைப்புக்கு என்ன கணக்கு, வீட்டு வேலையோடு வேலைதானே' என்போருக்கு நாம் சொல்வது ஒன்றே: அந்த நான்கு மணி நேரத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டால், அதற்கான பணத்தை வாங்குபவர் தம் கணக்கில் எழுதிக்கொள்வார்.

இனிப் பதிவு. தனியொருவர் சொந்தப் பெயரில் தொழில் தொடங்குவதற்குப் பெரிய சடங்குகள் ஏதுமில்லை. பான் அட்டை, தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, உத்யம் பதிவு ஆகிய மூன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. மத்திய சர்க்காரின் வலைத்தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. நாமறிந்த அன்பர் ஒருவர் சர்க்கார் தளத்தைப் போலவே தோன்றிய வேறொரு தளத்தில் 2,000 ரூபாய் செலுத்திவிட்டுப் பின்னர் வருந்தினார். காசு கேட்டால் அது சர்க்கார் தளமன்று என்று அறிக. இருவர் மூவர் சேர்ந்து செய்வதாயின் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பத்திரம் எழுதிக்கொள்வது நலம். உறவினராயின் இன்னும் நலம்.

சரக்கு சேவை வரியைப் பற்றி அச்சம் மிகுதியாக உள்ளது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்போர், ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும் வரையில் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் பட்டியலில் வரி வசூலிக்கலாகாது என்பதையும் மறத்தலாகாது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தாருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். சூளூர்ப்பேட்டைக் கடைக்குப் பத்துப் பெட்டி அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனையாகிவிடும். அவ்விற்பனைக்குப் பதிவு கட்டாயம் என்பது பொதுவிதி. ஆயினும் அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களைச் செய்வோருக்கு 20 லட்ச ரூபாய் வரை விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஓலைப் பொருள்களும் அப்பட்டியலில் அடங்கும். பான் எண் இருத்தல் வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாயினும் 'இ-வே பில்' என்னும் வழிச்சீட்டை எடுத்தல் வேண்டும். இவ்வளவே.

எல்லையைப் பற்றிப் பேசும்போது தொழிற்பேட்டையையும் பேசவேண்டும். 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் கும்மிடிப்பூண்டி வளாகத்தில் ஆலைகள் பல உள. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளருக்கு இனிப்பு வழங்கும் ஆலைக்கு ஓலைப் பெட்டி ஏற்ற பொருளன்றோ! ஆனால் ஆலையின் கொள்முதல் பிரிவு பெட்டியின் அழகை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுப்பதில்லை. வரிசை எண்ணிட்ட பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், பதிவுச் சான்று, குறித்த நாளில் குறித்த அளவில் அனைத்தும் ஒன்றுபோல் வந்து சேரும் என்ற உறுதி, இவற்றைக் கேட்கும். ஐந்நூறு பெட்டி ஒருவர் கையால் ஆகாது. பலர் பின்னினால் ஒருவர் பெட்டி அகன்றும் மற்றொருவர் பெட்டி குறுகியும் போகும். இதற்கு அளவுக் கட்டை ஒன்று செய்து வீட்டுக்கு வீடு கொடுப்பதே வழி. நெசவாளருக்கு இதனை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

பணம் வருவதைப் பற்றியும் ஒரு சொல். 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறுந்தொழில் சட்டத்தின்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருப்பினும் வாங்கியவர் 45 நாள்களுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. முறையிடுவதற்கு வசதியாக்க மன்றமும் உண்டு. இந்த உரிமையை ஐயமின்றிப் பெற உத்யம் பதிவு ஆர்டருக்கு முந்தியதாக இருக்கவேண்டும். பணம் நின்ற பிறகு பதிவு செய்ய ஓடுவதில் பயனில்லை.

பெட்டியை உறையிலிட்டு விற்பதாயின், 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி செய்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, செய்த மாதம், ஆண்டு, வரிகள் அடங்கிய உச்ச விலை, குறை கூறத் தொடர்பு எண் ஆகியவை சீட்டில் வேண்டும். சட்டம் கேளாத ஒன்றையும் நாம் சேர்க்கச் சொல்வோம்: ஈரம் படாமல் வைக்கவும், சாயம் ஒட்டக்கூடும் என்ற எச்சரிக்கை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற 'மெட்ராஸ்' கட்டத் துணி சலவையில் சாயம் விட்டுப் பெருங்கூச்சல் எழுந்ததும், பிறகு சாயம் விடுவதே அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றதும் நெசவு உலகம் அறிந்த கதை. அத்தகைய சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது. முன்கூட்டியே சொல்லிவிடுவது எளிது.

பெயருக்கு வருவோம். 1999-இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. வணிகக் குறிச் சட்டப்படி நம் கடைக்கென்று வைத்த பெயரைப் பதிவு செய்யலாம். தனியாருக்கும் சிறு தொழிலுக்கும் வலைத்தளம் வழியாக வகுப்பொன்றுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ள இயலாது. அதற்கு மற்றொரு சட்டமாகிய புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கின்றது. செய்வோர் கூட்டமாகச் சேர்ந்து சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பவானி ஜமக்காளம், காஞ்சிப் பட்டு, ஓலைத் தொழிலிலேயே செட்டிநாட்டுக் கொட்டான் ஆகியவை இவ்வாறு பெயர் பெற்றவை. நெசவாளருக்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் உண்டு. கைலி, கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒதுக்கப்பட்ட இனங்களில் ஒன்று என்பதையும் நினைவிற் கொள்க.

தனியொருவரால் இவ்வளவும் ஆகுமா என்று கேட்பர். ஆகாது என்பதனால்தான் சங்கம். சென்னை மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் தோன்றியது, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரிலேதான். ஓலையை மொத்தமாக வாங்குதல், சாயம் ஒரே பதத்தில் காய்ச்சுதல், கணக்கெழுத ஒருவரை அமர்த்துதல் ஆகியவை சங்கத்தால் எளிதில் முடியும். பனை வைத்திருக்கும் உழவரும் இதில் சேரவேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. வெட்டாமல் நிற்கும் மரத்தினின்று வருமானம் வர, குருத்துக்கு நிலையான விலை கிடைத்தாக வேண்டும். கைவினைஞருக்குக் கடனும் மானியமும் தரும் திட்டங்களின் நடப்பு நிபந்தனைகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

புறப்படும் முன் அம்மூதாட்டியின் பேத்தியிடம் பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பாட்டியின் பெயரை மேலே எழுதிய அப்பெண் சற்றுத் தயங்கி, "ஐயா, முதல் பட்டியலில் எண் 1 என்று போட்டால் நாங்கள் புதியவர்கள் என்று தெரிந்துவிடுமே, 101 என்று தொடங்கலாமா?" என்று கேட்டாள். தொடங்கலாம், இடையில் எண் விடுபடாமல் இருந்தால் போதும் என்றோம்.